அதிகம் தெரியாத ஜப்பானிய ஆல்பங்கள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக நண்பர்களுக்கு ஜப்பானிய ஆல்பங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பதிலுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஆளுக்கு ஒருமுறை எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"அனிமே பாட்டு, ஜே-பாப் எல்லாம் தெரியும். நீங்க சொல்றது தனி வகையா?"

ஒரே வகை என்று சொல்ல முடியாது. குறைந்தது மூன்று உலகங்கள் இருக்கின்றன. ஒன்று, 1980களில் வந்த 'கான்கியோ ஒங்காகு', அதாவது சூழல் இசை. மிக அமைதியானது. இரண்டாவது, அதற்கு நேர் எதிரான நாய்ஸ், முழுக்க இரைச்சலால் ஆனது. மூன்றாவது, 1960களின் கடைசியில் தொடங்கிய அண்டர்கிரவுண்ட் ராக், கட்டமைப்பை விட்டு அந்தந்தக் கணத்தில் தோன்றியதை வாசிக்கும் ஃப்ரீ ஜாஸ், மேடை நாடக இசை எல்லாம் கலந்த ஒரு பெரிய காடு.

இவற்றில் பலவும் சில நூறு பிரதிகள் மட்டுமே அச்சாகி, தெரிந்தவர்களுக்குள்ளேயே சுற்றி வந்தவை. இன்றைக்கு நம் கைக்கு வருகிறது என்றால், யாரோ ஒருவர் பிடிவாதமாகத் தேடி மறுபடி வெளியிட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

"தலை சுத்துது. ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்க, அதுலேருந்து தொடங்குறேன்."

ஹிரோஷி யோஷிமுராவின் 'மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்', 1982. எனக்கு இதில் இரண்டாவது யோசனையே கிடையாது. கீபோர்டை வைத்துக்கொண்டு அவர் செய்த ஒன்பது சின்னத் துண்டுகள். மேகம், மழை, ஜன்னல் வழியே தெரியும் காட்சி என்று தலைப்புகளும் அஞ்சலட்டையில் எழுதக்கூடியவைதான்.

டோக்கியோவில் ஹாரா என்றொரு நவீன கலை அருங்காட்சியகம் இருந்தது. அதன் ஜன்னல்களும், அவற்றின் வழியே தெரிந்த முற்றத்து மரங்களும் யோஷிமுராவுக்குப் பிடித்துப்போயின. இந்த இசை அங்கே ஒலித்தபோது, பார்க்க வந்தவர்கள் 'இது எங்கே கிடைக்கும்?' என்று கேட்கத் தொடங்கினார்கள். அப்படித்தான் இது தட்டாக வெளிவந்தது. யோஷிமுரா 2003-ல் இறந்தார். 2017-ல் மறுவெளியீடு வந்த பிறகுதான் உலகம் இதைக் கேட்டது. அந்த அருங்காட்சியகம் 2021 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டது. இசை மட்டும் மிச்சம் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது.

"கேட்டேன். நல்லாதான் இருக்கு, ஆனா ஒண்ணுமே நடக்கலையே?"

ஆமாம், நடக்காது. பல்லவி முடிந்து சரணம் வரும், வயலின்கள் கிளம்பும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். இந்த ஆல்பத்தை வெளியிட்ட சடோஷி அஷிகாவா, சூழலோடு சேர்ந்து இருக்கும் இசையைத் தேடியவர். கேட்பவரின் முழுக் கவனத்தையும் அது இழுக்க வேண்டியதில்லை, அறையில் ஏற்கெனவே இருக்கும் ஒலிகளை அது விரட்டவும் கூடாது என்பது அவர் எண்ணம்.

நான் கேட்கும் விதத்தைச் சொல்கிறேன். காலை ஐந்தரை மணி, ஒலி மிகக் குறைவு. மின்விசிறி சுற்றும். தெருவில் பால்காரரின் வண்டி நிற்கும், ஒரு கதவு திறக்கும். 'பிளிங்க்' என்ற துண்டில் நான்கைந்து சுரங்கள் வந்து, கொஞ்சம் நின்று, மறுபடி வரும். அந்த நிற்கிற இடத்தில் காகம் கத்தினால் அதுவும் பாட்டுக்குள் சேர்ந்துவிடும். ஒரு வாரம் இப்படிக் கேட்டுவிட்டு, பிறகு எனக்கு எழுதுங்கள்.

"யூடியூப்பே அடுத்தடுத்து போட்டுத் தருதே, அது போதாதா?"

யூடியூப்புக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். மிதோரி டகாடா என்ற தாளக்கலைஞர் 1983-ல் 'த்ரூ தி லுக்கிங் கிளாஸ்' என்ற ஆல்பம் செய்தார். மரிம்பா, கோங், ரீட் ஆர்கன், ஒகாரினா, கோகோ கோலா பாட்டில் என்று எல்லாவற்றையும் அவர் ஒருவரே வாசித்து, இரண்டே நாளில் பதிவு செய்தது. வந்த காலத்தில் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. முப்பது வருடம் கழித்து யாரோ யூடியூப்பில் ஏற்ற, அது பரிந்துரைத்துப் பரிந்துரைத்தே லட்சக்கணக்கானவர்களிடம் போய்ச் சேர்ந்தது. 2017-ல் முறையான மறுவெளியீடு வந்தது. டகாடா மறுபடியும் உலக மேடைகளில் வாசித்தார்.

ஆனால் அந்தப் பரிந்துரை ஒரே வட்டத்துக்குள்தான் சுற்றும். மென்மையான ஒன்றைக் கேட்டால் மென்மையான இன்னொன்றைக் கொடுக்கும். டகாடாவிலிருந்து ஃப்ரீ ஜாஸுக்கோ, யோஷிமுராவிலிருந்து இரைச்சலுக்கோ அது உங்களை அழைத்துப் போகாது. அந்த வழிகளை நாமே நடந்து பார்க்க வேண்டும்.

"சரி, அப்போ நீங்க அடுத்த ஆல்பத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

பின்னட்டையைப் படிப்பதால்தான். வேறு ரகசியம் எதுவும் இல்லை. பிடித்த ஆல்பம் ஒன்று கிடைத்தால் யார் வாசித்தார்கள், யார் தயாரித்தார்கள், எந்த லேபிள் (வெளியிட்ட நிறுவனம்), என்ன வரிசை எண் என்று பாருங்கள். இசைத்தட்டுகளின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் இவை எல்லாமே தொட்டால் திறக்கும்.

யோஷிமுராவின் தட்டில் 'வேவ் நோட்டேஷன் 1' என்று இருக்கும். 1 என்றால் 2 எங்கே? அதுதான் அஷிகாவா தானே செய்த 'ஸ்டில் வே'. அவர் செய்த ஒரே தனி ஆல்பம். அடுத்த வருடமே, 1983-ல், இறந்துவிட்டார். 3, சட்சுகி ஷிபானோ என்ற பியானோ கலைஞர் வாசித்த, பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியின் படைப்புகள். அத்தோடு வரிசை நின்றுவிடுகிறது. மூன்றையும் வரிசையாகக் கேட்டால் ஒரு மனிதர் என்ன தேடிக்கொண்டிருந்தார் என்பது புரியும். இனி டகாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அவர் முக்வாஜு என்ற குழுவில் இருந்தார். 1981-ல் வந்த அவர்களின் ஆல்பத்தைத் தயாரித்தவர் ஜோ ஹிசாய்ஷி, ஆமாம், அனிமே இயக்குநர் மியாசாகியின் படங்களுக்கு இசையமைத்த அதே ஹிசாய்ஷி. உங்களுக்குத் தெரிந்த பெயரும் தெரியாத பெயரும் ஒரே அட்டையில் வந்து நிற்கும்.

லேபிளைப் பின்தொடர்வது இன்னும் பலன் தரும். டோக்கியோவின் மெய்தாய்மே பகுதியில் 'மாடர்ன் மியூசிக்' என்றொரு இசைத்தட்டுக் கடை இருந்தது. அதை நடத்திய ஹிடியோ இகேஇசுமி 1984-ல் பி.எஸ்.எஃப். என்ற லேபிளைத் தொடங்கினார். முதல் தட்டு ஹை ரைஸ் குழுவின் 'சைகெடெலிக் ஸ்பீட் ஃப்ரீக்ஸ்'. லேபிளின் பெயரே அதன் முதலெழுத்துகள்தான். கெய்ஜி ஹைனோவின் ஃபுஷிட்சுஷா குழு, கோஸ்ட் குழு, வயிற்றிலிருந்து கத்திப் பாடும் கசுகி டொமோகாவா, கான் மிகாமி எல்லோரும் அந்த ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். 1991-ல் வந்த 'டோக்கியோ ஃபிளாஷ்பேக்' தொகுப்பு ஒன்று போதும், அந்த உலகத்தின் வாசல் திறந்துவிடும்.

"சிட்டி பாப் ரொம்பப் பிடிக்கும். அதுலேருந்து இங்கே வர வழி இருக்கா?"

சிட்டி பாப், அதாவது 1970களின் கடைசியிலும் 80களிலும் ஜப்பானில் ஓடிய நகரத்து பாப் இசை. அதிலிருந்து இங்கே வர ராஜபாட்டையே இருக்கிறது. பெயர், ஹருவோமி ஹொசோனோ. ஹேப்பி எண்ட், யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா என்ற இரண்டு குழுக்களிலும் இருந்தவர். அவரே 1984-ல் முஜி என்ற ஜப்பானியக் கடைகளுக்காகச் செய்த பின்னணி இசை 'வாட்டரிங் எ ஃபிளவர்' என்ற கேசட்டாக வந்தது. அவர் தயாரித்த இனோயாமா லேண்ட் இருவரின் 'டான்சின்டான்-பொஜிடான்' 1983-ல் வந்தது. குழந்தைகளின் பொம்மைப்பெட்டி தண்ணீருக்கடியில் திறந்துகொண்டது போல ஒரு இசை. இந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு மேலே சொன்ன பின்னட்டை வழியிலேயே போகலாம்.

"நம்ம ஊர்ப் பக்கம் இதுக்கெல்லாம் ஏதாவது தொடர்பு இருக்கா?"

இருக்கிறது! ஹொசோனோவும் ஓவியர் டடனோரி யோகோஓவும் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார்கள். அந்தப் பயணத்திலிருந்து பிறந்தது 1978-ல் வந்த 'கொச்சின் மூன்'. இல்லாத ஓர் இந்தியப் படத்துக்கான இசை மாதிரி, முழுக்க சிந்தசைசரில் செய்தது. யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ராவில் அவரோடு இருந்த ரியூய்ச்சி சகமோட்டோவும் அதில் வாசித்திருக்கிறார். யோகோஓ வரைந்த அட்டை நம் பழைய சினிமா போஸ்டரைப் போலவே இருக்கும். முதல் பக்கம் 'ஹோட்டல் மலபார்': கீழ்த்தளம், மேல்தளம், மொட்டை மாடி என்று மூன்று பகுதி. இரண்டாம் பக்கத்தில் 'ஹெபடைட்டிஸ்' என்றொரு துண்டு. பயணத்தில் ஹொசோனோவின் உடம்பு படுத்திய பாட்டின் நினைவு. கடைசித் துண்டின் பெயர் 'மெட்ராஸ் கான்சல் ஜெனரலின் மனைவி'. ஒரு ஜப்பானிய எலக்ட்ரானிக் ஆல்பத்தில் மெட்ராஸ் என்ற பெயரை முதல்முறை பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இன்னொன்று, தாஜ்மஹால் டிராவலர்ஸ். டகேஹிசா கோசுகி 1969-ல் தொடங்கிய குழு. வயலினையும் குரலையும் எதிரொலிக் கருவிகளுக்குள் அனுப்பி, மணிக்கணக்கில் ஒரே ஒலியைப் படரவிடுவார்கள். பெயருக்கு ஏற்றபடியே 1971-72-ல் ஐரோப்பாவிலிருந்து ஒரு வேனில் கிளம்பி தாஜ்மஹால் வரைக்கும் வந்தார்கள். 'ஆகஸ்ட் 1974' என்ற இரட்டைத் தட்டில் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு நீண்ட துண்டுகள். கச்சேரிக்கு முன்னால் தம்புரா சுருதி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்கள் பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும்.

"மெர்ஸ்போன்னு ஒருத்தரைக் கேட்டேன். ரெண்டு நிமிஷத்துல தலைவலி. இதை எப்படி இசைன்னு சொல்றீங்க?"

மசாமி அகிதா என்பவரின் மேடைப்பெயர் அது. கண்டெடுத்த பொருட்களை ஒட்டி ஒட்டியே தன் வீட்டுக்குள் 'மெர்ஸ்பௌ' என்ற படைப்பை வளர்த்த ஜெர்மானியக் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸிடமிருந்து எடுத்துக்கொண்ட பெயர். வேண்டாமென்று தூக்கிப்போடும் ஒலிகளைக் கொண்டே கட்டுவதுதான் அகிதாவின் வேலையும். 2000-ல் வந்த 'மெர்ஸ்பாக்ஸ்' என்ற பெட்டியில் மட்டும் 50 சிடிக்கள்.

1996-ல் வந்த 'பல்ஸ் டீமன்' ஆல்பத்தை ஐந்து நிமிடம் மட்டும், குறைந்த ஒலியில் கேளுங்கள். அருவிக்குக் கீழே போய் நிற்கும்போது முதலில் ஒரே இரைச்சல்தான். கொஞ்ச நேரம் நின்றால் பாறையில் மோதுவது, தலையில் விழுவது, கீழே சிதறி ஓடுவது எல்லாம் தனித்தனியாகப் பிரியும். இதிலும் அப்படித்தான்: அடியில் ஒரு துடிப்பு, நடுவில் உரசல், மேலே கீச்சிடும் ஒரு கோடு. பிரித்துக் கேட்கத் தெரிந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும், ஹெட்போனில் ஒலியைக் கூட்டி இதைக் கேட்காதீர்கள். காது திரும்பக் கிடைக்காது.

"அப்போ இதுக்கு நேர் எதிரா, ரொம்ப அமைதியானது ஏதாவது?"

டோக்கியோவில் யோயோகிக்குப் பக்கத்தில் ஆஃப் சைட் என்ற சின்ன இடம் 2000 முதல் 2005 வரை இயங்கியது. பழைய மரவீடு. அக்கம்பக்கத்து வீடுகள் ஒட்டியே இருந்தன, சுவர்களோ மெல்லியவை. சத்தமாக வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார். அதனால் அங்கே வாசித்தவர்கள் ஒலியைக் குறைத்துக்கொண்டே போனார்கள். அந்தக் கட்டாயமே ஒரு அழகியலாக மாறியது. 'ஒங்க்யோ' என்று அதற்குப் பெயர் விழுந்தது.

டோஷிமாரு நகாமுரா, பல ஒலிகளைக் கலக்கும் கருவியான மிக்ஸரின் வெளியீட்டு வயரை அதே மிக்ஸரின் உள்ளீட்டில் செருகுவார். வெளியிலிருந்து எந்த ஒலியும் இல்லை. கருவி தன்னைத்தானே கேட்டு முனகும் ஒலிதான் இசை. சச்சிகோ எம், சேமித்த ஒலிகளை வாசிக்கும் கருவியான தன் சாம்ப்ளரைச் சேமித்த ஒலி எதுவுமில்லாமல் காலியாக வைத்துக்கொண்டு, அதன் சோதனை ஒலியான சைன் அலையை மட்டும் வாசிப்பார். டகு சுகிமோடோவின் கிட்டார் ஆல்பம் 'ஆப்போசிட்' (1998) இந்தப் பக்கம் வர நல்ல வழி. ஒவ்வொரு சுரமும் முழுவதும் அடங்கிய பிறகுதான் அடுத்தது வரும்.

"ஏன் ஜப்பான்ல மட்டும் இப்படி இவ்வளவு?"

ஜப்பானில் மட்டும் என்று இல்லை, ஆனால் அங்கே சில விஷயங்கள் ஒன்றாகக் கூடிவந்தன. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1955-லேயே டோக்கியோவில் எலக்ட்ரானிக் இசைக்கூடம் வைத்துவிட்டது. 1962-ல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் வந்து சோகெட்சு கலை மையத்தில் நிகழ்ச்சி நடத்தினார். அதன் அதிர்ச்சி அங்கே வெகுகாலம் பேசப்பட்டது. தேநீரோ காபியோ வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்து தட்டு கேட்கும் ஜாஸ் கிஸ்ஸா கடைகள் ஊருக்கு ஊர் இருந்தன. 1980களில் பணம் புரண்டபோது கம்பெனிகளே இசைக்குச் செலவழித்தன. டகாஷி கொகுபோவின் 'கெட் அட் தி வேவ்' 1987-ல் சான்யோ ஏசிக்காகச் செய்யப்பட்டது என்றால் நம்புவீர்களா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. சின்ன லைவ் ஹவுஸ்களில் 'நொருமா' என்றொரு முறை: இத்தனை டிக்கெட்டை விற்றுத்தர வேண்டும், விற்காததற்குக் குழுவே காசு கட்ட வேண்டும். பத்துப் பேர் முன்னால் வாசிக்கக் கைக்காசு போட்டவர்கள்தான் இந்த ஆல்பங்களைச் செய்தவர்களில் பலர்.

ஆசிரியர்-மாணவர் தொடர்ச்சியும் முக்கியம். கிட்டார் கலைஞர் மசாயுகி டகாயனகி 1970-லேயே சாக்ஸபோன் கலைஞர் கவோரு அபேயோடு சேர்ந்து கட்டுக்கடங்காத ஃப்ரீ ஜாஸ் வாசித்தார். அவரிடம் கற்றவர் ஒடோமோ யோஷிஹிடே. அதே ஒடோமோதான் ஆஃப் சைட் காலத்து அமைதியான இசையிலும் இருந்தார், 2013-ல் என்.எச்.கே.யின் 'அமாச்சான்' தொலைக்காட்சித் தொடருக்கு ஊரே முணுமுணுத்த இசையையும் போட்டார்.

"ஜப்பானிய மொழி ஒரு எழுத்துகூடத் தெரியாது. எப்படித் தேடுறது?"

ஒலிபெயர்ப்பில் தேடுவதை விடுங்கள். ஒரே பெயரை நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள். நெடிலைக் குறிலாக்குவார்கள், ர-வும் ல-வும் இடம் மாறும். டிஸ்காக்ஸில் கலைஞரின் பக்கத்தில் ஜப்பானிய எழுத்தில் பெயர் இருக்கும். அதை அப்படியே நகலெடுத்து யூடியூப்பிலோ ஏலத் தளத்திலோ ஒட்டுங்கள். அதுவரை கண்ணில் படாதவை எல்லாம் வரும். அப்புறம், ஜப்பானியர்கள் குடும்பப் பெயரை முதலில் எழுதுவார்கள். யோஷிமுரா ஹிரோஷியும் ஹிரோஷி யோஷிமுராவும் ஒருவரே. அட்டையில் இருப்பதைப் படிக்க போன் கேமராவை நீட்டும் மொழிபெயர்ப்புச் செயலி போதும்.

"ஸ்பாட்டிஃபைல தேடினா பாதி கிடைக்கலையே?"

லேபிள் மூடப்பட்டிருக்கும், உரிமை யாரிடம் என்பதே தெளிவில்லாமல் இருக்கும், கலைஞரே வேண்டாம் என்றிருப்பார். பேண்ட்கேம்பில் பாருங்கள். பல கலைஞர்களும் மறுவெளியீட்டு லேபிள்களும் அங்கே நேரடியாக விற்கிறார்கள். கொடுக்கும் காசில் பெரும்பங்கு அவர்களுக்கே போகும்.

"லெ ராலிஸ் டெனுடேக்கு ஐம்பது ஆல்பம் இருக்கு. எது உண்மையானது?"

கேட்க வேண்டிய கேள்வி. 1967-ல் கியோட்டோவின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் டகாஷி மிசுடானி தொடங்கிய குழு இது. குழுவின் பேஸ் வாசித்த மொரியாகி வகாபயாஷி, 1970 மார்ச் 31 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தை வடகொரியாவுக்குக் கடத்திய ஒன்பது பேரில் ஒருவர். அதற்குப் பிறகு மிசுடானி வெளிச்சத்திலிருந்து விலகியே இருந்தார். குழு வாசித்துக்கொண்டே இருந்தது, ஆல்பம் மட்டும் வரவில்லை. 1991-ல் மூன்று சிடிக்கள் குறைந்த பிரதிகளில் வந்தன. மற்றபடி சுற்றியது எல்லாம் யாரோ பதிவு செய்து, யாரோ அச்சடித்து விற்ற திருட்டுப் பிரதிகள். குழுவுக்குக் காலணா போயிருக்காது.

மிசுடானி 2019-ல் இறந்தார். வெளியே தெரிந்தது 2021-ல். அதன் பிறகு பழைய குழு நண்பர் மகோடோ குபோடாவின் முயற்சியில் முறையான வெளியீடுகள் வரத் தொடங்கின. 2022-ல் வந்த 'தி ஓஸ் டேப்ஸ்' அவற்றில் ஒன்று. அதையும் 1991-ன் மூன்றையும் மட்டும் முதலில் கேளுங்கள். திருட்டுப் பிரதி ஒன்றை அசல் என்று நம்பி ஒரு விற்பனையாளரிடம் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். எங்கோ தூரத்துக் கல்யாண வீட்டு ஸ்பீக்கர் மாதிரி கேட்டது. நல்ல ஒலியில் கேட்டபோதுதான் அந்தக் கிட்டார் கூச்சலுக்கு அடியில் பேஸ் எவ்வளவு எளிமையாக, ஒரே சுழற்சியில் நடக்கிறது என்பது தெரிந்தது.

"யோஷிமுராவோட 'கிரீன்' ரெண்டு விதமா இருக்கு. ஒண்ணுல தண்ணி, பறவைச் சத்தம். எது அசல்?"

சத்தம் இல்லாததுதான் 1986-ல் ஜப்பானில் வந்த தட்டு. அமெரிக்காவில் சிடியாக வெளியிட்டபோது இயற்கை ஒலிகளைச் சேர்த்தார்கள். யோஷிமுரா விரும்பியது சேர்க்காத வடிவத்தைத்தான். 2020-ல் வந்த மறுவெளியீடு அதையே எடுத்துக்கொண்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பறவை இல்லாததில்தான் எனக்குக் காடு தெரிகிறது.

"அசல் தட்டே வாங்கணும்னு ஆசை. ஓபி, மிஹோன்பான்னு எல்லாம் போடுறாங்களே?"

ஓபி என்பது அட்டையின் ஓரத்தில் சுற்றியிருக்கும் காகிதப் பட்டை. கிமோனோவின் இடைக்கச்சைக்கும் அதே பெயர். விலை, வரிசை எண், விளம்பர வரி எல்லாம் அதில் இருக்கும். வாங்கியதும் பலர் கிழித்துப் போட்டதால், இருந்தால் விலை கூடும். மிஹோன்பான் என்றால் வானொலிக்கும் கடைகளுக்கும் கொடுத்த மாதிரிப் பிரதி, விற்பனைக்கு இல்லை.

ஜப்பான் யாஹூ ஏலத்தில் விலை மலிவு, ஆனால் விற்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். பையீ, ஜென்மார்க்கெட் போன்ற இடைத்தரகு சேவைகள் வாங்கி அனுப்பும். அவர்கள் கட்டணம், உள்ளூர் அஞ்சல், வெளிநாட்டு அஞ்சல், இங்கே சுங்கவரி எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மறுவெளியீடு இருந்தால் அதை வாங்குங்கள் என்பதே என் கருத்து. ஒலி நன்றாக இருக்கும், கூடவே வரும் குறிப்புகளைப் படிக்கவும் முடியும்.

"ரொம்ப அரிதா இருந்தா கண்டிப்பா நல்லா இருக்கும்தானே?"

இல்லை. அரிதானவற்றில் சுமாரானவை நிறைய. நல்லதும் அரிதானதும் ஒன்றாக வந்தால் அது நம் அதிர்ஷ்டம். ஒசாகாவில் 'ராக் மேகசின்' நடத்திய யுசுரு அகி, 1978 முதல் 1982 வரை வேனிட்டி என்ற லேபிளைச் சில நூறு பிரதிகளாக நடத்தினார். அதில் வந்த டாலரன்ஸ் என்ற பெயரிலான இரண்டு ஆல்பங்களில் 'டிவின்' (1981) இன்றைக்குச் செய்தது போலவே இருக்கிறது. மங்கிய டிரம் மெஷின், தூரத்தில் ஒரு குரல். அதே லேபிளில் இரண்டாம் முறை நான் எடுக்காத தட்டுகளும் இருக்கின்றன. அவற்றுக்கும் விலை அதேதான்.

"கடைசியா ஒண்ணு: ஹெட்போனா, ஸ்பீக்கரா?"

யோஷிமுரா, டகாடா, தாஜ்மஹால் டிராவலர்ஸ் எல்லாம் ஸ்பீக்கரில், அறைக்குள் பரவட்டும். ஒங்க்யோ ஆல்பங்களுக்கு நல்ல ஹெட்போன், இரவு பதினொன்றுக்கு மேல்.

ரியோஜி இகேடா 1996-ல் செய்த ஓர் ஆல்பத்துக்குப் பெயரே இல்லை, கூட்டல் கழித்தல் குறிகள் மட்டும்தான். அதன் கடைசியில் மிக உயர்ந்த ஒரு ஒலி ஓடுகிறது. ஓடும்போது நமக்கு அது கேட்பதே இல்லை. நின்றவுடன் அறையில் ஏதோ குறைந்துவிட்டது போல இருக்கும், அப்போதுதான் இவ்வளவு நேரம் ஒன்று இருந்தது என்று தெரியும். இதைப் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். தரம் குறைந்த எம்பி3 கோப்பும் வேண்டாம்; அந்த உயரத்து ஒலியைத்தான் அது முதலில் வெட்டிவிடும். சிடி கிடைத்தால் சிடி, இல்லையென்றால் தரம் குறைக்காத கோப்பு.